தவராசா வீட்டுப் பிளாஸ்மா

பெயின்ற் டின்னின் மூடியைக் கழற்றி, அதை வெயிலுக்கு நேரே சாய்த்துப் பிடித்து, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்க்கிறார் தவராசா. மூடியில் ஒட்டியிருக்கும் சிவப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. உதட்டைப் பிதுக்குகிறார். டின்னுக்குள் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டுத் தடியால் கிண்டி, மறுபடியும் மூடியில் தொட்டு வெயிலுக்குப் பிடிக்கிறார். மேடையில் ஏற்றி நிறுத்திய மூதூர் லோஞ்சுப் படகு காலையிலிருந்து அடிப்பாகம் காட்டிக்கொண்டு காத்திருக்கிறது. லோஞ்சுக்காரர் பாக்கியரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணை, தண்ணிக்குக் கீழ இருக்கப்போற பக்கம். மீன் வந்து நிறம் பாக்கப்போகுதே?"

"மீன் பாக்காது. நான் பாப்பன்" என்கிறார் தவராசா, மூடிய கண்ணைத் திறக்காமலே.

அறுபதை எட்டிப் பார்க்கும் வயது. துறைமுகப் பட்டறையில் பெயின்ற் பகுதிக்கு மேற்பார்வையாளர். மேற்பார்வை என்று பெயர்தானே ஒழிய, பெயின்ற் பூசும் பிறஸை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்க அவருக்குத் தெரியாது. நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் துறைமுகப் பாஸ், காது மடலில் ஏதாவது ஒரு நிறம். மூன்றும் இல்லாமல் அவரைக் கண்டவர்கள் திருகோணமலையில் இல்லை. அன்றைக்கு எந்தப் படகு மேடையில் ஏறியிருக்கிறது என்பதை அவருடைய காதைப் பார்த்தே அவர் குடியிருக்கும் மனையாவெளிச் சனம் அறிந்துகொள்ளும்.

"வெயிலில வச்சுப் பாக்காமல் நிறத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது." இது அவர் தினமும் சொல்லுகிற வாசகம். சொல்லுவதோடு விடுகிற ஆளும் இல்லை. சேலைக் கடைக்குப் போனால் பூரணியை உள்ளே இருத்திவிட்டு, சேலையைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்துவிடுவார். கடைக்காரர் பதறிக்கொண்டு பின்னால் ஓடி வருவார். மனிதர் தெருவில் சேலையை விரித்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருடமாக அந்தச் சங்கடத்தைக் கடைக்குள் இருந்து அனுபவிக்கிறவள் பூரணி. மனைவி என்ற முறையில் அவளுக்கு வேறு வழியும் இல்லை.

இந்தச் சண்டைக் காலத்தில் பெயின்ற் பூசுவதில் என்ன பெருமை என்று யாரும் கேட்கலாம். அவரிடம் கேட்டுவிடாதீர்கள். இறங்குதுறைப் பக்கம் ஒரு செல் குண்டு விழுந்து ஒரு படகு கடலுக்கடியில் தாண்டுபோனது. பல மாதம் கழித்து அதைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கூடி நின்றவர்கள் எல்லோரும் அதன் வயிற்றில் இருந்த ஓட்டையைப் பார்த்து வாயில் கை வைத்தார்கள். தவராசா பாசியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு: "பாத்தியளே, உப்புத் தண்ணிக்குள்ள இவ்வளவு நாள் கிடந்தும் என்ர நீலம் உரியேல்லை."

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். கோணேசர் கோயில் அம்பாளின் பெயரையே வைத்தார்: மாதுமை. படித்தாள், கனடாவுக்குப் போனாள், ரொறொன்ரோவில் வேலை செய்தாள், அங்கேயே ஒரு நல்ல பையனுக்குப் பேச்சும் முடிந்தது. தை மாதத்தில் கலியாணம். தவராசா தம்பதி போவதற்கு விசா கேட்டார்கள். மறுத்துவிட்டார்கள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் மறுத்தார்கள். யுத்தம் நடக்கிற ஊரிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள் என்று நம்ப முடியவில்லையாம்.

"திரும்பி வராமல் நான் அங்க என்ன செய்யிறது? பனிக்கோ பெயின்ற் அடிக்கிறது?" என்று தவராசா ஊரெல்லாம் கேட்டுத் திரிந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்து வேலிப் பக்கம் பார்த்துக் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தவர், பூரணி தேத்தண்ணியோடு வந்து கூப்பிட்டும் திரும்பவில்லை.

மகளைத் தாரை வார்த்துக் கொடுப்பது தகப்பனின் உரிமை. மகளின் கையைத் தகப்பன் பிடித்துக் கொடுக்க, தாய் தண்ணீர் வார்ப்பாள். அந்த இடத்தில் ரொறொன்ரோவில் நிற்கப்போகிறவர் பூரணியின் தமையன் இரத்தினசிங்கம். நல்ல மனிதர்தான். ஆனால் மச்சான் என்று வந்துவிட்டால் நல்ல மனிதரிடமும் ஒரு குற்றம் இருக்கத்தானே வேண்டும்? தவராசா தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார்: "மச்சான், வேட்டி சால்வையோட நில்லுங்கோ. என்ர இடத்தில நிக்கிறியள். கோட்டுக் கீட்டுப் போட்டிடாதேங்கோ." மறுமுனையில் ஓம் ஓம் என்று பதில் வந்தது.

பிறகுதான் தவராசா ஒரு முடிவுக்கு வந்தார். கலியாண வீடியோ எப்படியும் வரும். அதை மூலையில் குந்தியிருந்து இரண்டு பேராகப் பார்த்து அழுவதற்கு அவர் தயாராக இல்லை. "மாதுவின்ர கலியாணத்தை நான் இஞ்ச நடத்துவன். வாசலில வாழை கட்டி, நிறைகுடம் வச்சு, சனத்தைக் கூப்பிட்டு, முகூர்த்த நேரத்தில ரீவியில போடுவன். எல்லாரும் வந்து பாத்து, வயிறாறச் சாப்பிட்டுப் போகவேணும்."

வீட்டிலிருந்த பழைய ரீவியோ சின்னப் பெட்டி. அதில் எல்லா முகமும் ஒரு பச்சைச் சாயலோடுதான் தெரியும். மகள் கலியாணத்தை அதில் பார்ப்பதா? பெயின்ற் தவராசாவா?

பெரியகடை வீதியில் கலீலுர் றஹ்மானின் ரீவிக் கடை இருக்கிறது. மூதூர்க்காரர். இரண்டாயிரத்தாறில் சண்டைக்கு ஊரோடு பெயர்ந்து, பிறகு ஊரோடு திரும்பிப் போனாலும் கடையைத் திருகோணமலை ரவுணிலேயே வைத்துக்கொண்டவர். கடைக்குப் பின்னால் ஓர் அறை. ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டு, சுவரில் இரண்டு தட்டை ரீவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஒன்று பிளாஸ்மா, மற்றது எல்சிடி. இரண்டிலும் ஒரே படம் ஓடும். யார் வந்தாலும் அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துவார்.

"அண்ணன், ரெண்டையும் வச்சிரிக்கன். நான் ஒண்ணும் சொல்லமாட்டன். நீங்களே பாருங்க" என்றார் றஹ்மான். ஒன்றும் சொல்லமாட்டேன் என்றவர் அதன் பிறகு மூச்சு விடாமல் சொன்னார். எல்சிடி பாரம் குறைவு, கரண்ட் குறைவாக இழுக்கும், சூடு ஏறாது, பகல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும். ஆனால் கிரிக்கெட் பந்து வேகமாகப் போனால் அதற்கு ஒரு வால் முளைக்கும். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறம் வெளிறும். பிளாஸ்மாவோ எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் ஒரே நிறம். பந்து பந்தாகவே போகும். "கறுப்பு எண்டா கறுப்பு, அண்ணன். கிணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதிரி. ஆனா முன்னுக்கு முழுக்கக் கண்ணாடி. பகல்ல கதவு திறந்திருந்தாக் கொஞ்சம் பளபளக்கும். அதையும் சொல்லிப்போடுறன், பொறகு என்னைக் குறை சொல்லப்படா."

கடைசி வாக்கியம் தவராசாவின் காதில் ஏறவில்லை. அவர் கையோடு கொண்டுவந்த துணிப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பூரணியின் கூறைச் சேலை. அலுமாரியின் அடித்தட்டில் வேப்பிலை போட்டு மடித்து வைத்திருந்த அரக்குச் சேலை. தன்னுடைய கூறையும் அதே அரக்குத்தான் என்று மாதுமை தொலைபேசியில் சொல்லியிருந்தாள். "அம்மாட மாதிரியே, அப்பா. நான்தான் கேட்டு எடுப்பிச்சனான்." அன்றைக்குத் தொடங்கியது இந்த அரக்குப் பைத்தியம்.

றஹ்மானிடம் யாரோ ஒருவருடைய கலியாண டிஸ்க் இருந்தது. மணப்பெண் அரக்குக் கூறையோடு நின்றாள். தவராசா தன் மனைவியின் சேலைத் தலைப்பை முதலில் எல்சிடிக்குப் பக்கத்தில் பிடித்தார். இடது கண்ணை மூடினார். "தக்காளி" என்றார். பிறகு பிளாஸ்மாவுக்குப் பக்கத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். சேலை எது, படம் எது என்று பிரிக்க முடியாத ஓர் அரக்கு அங்கே இருந்தது.

"இஞ்ச பாரும்" என்றார், கூட வந்திருந்த பூரணியிடம். குரல் கம்மியது. "இது உம்மட கலியாணம்."

பூரணிக்கு எல்சிடிதான் பிடித்திருந்தது. தூக்கித் துடைக்க இலகு, பகலில் சமைத்துக்கொண்டே குசினியிலிருந்து பார்க்கலாம். ஆனால் அந்தக் கம்மிய குரலுக்கு முன்னால் கரண்ட் கணக்கைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "வெயிலில வச்சுப் பாத்தனீங்களோ?"

"ரீவியை ஆரும் வெயிலில வைப்பினமோ? விசர்க்கதை" என்றார் தவராசா.

பிளாஸ்மாவைப் படுக்கவைத்துக் கொண்டுபோகக் கூடாது என்று றஹ்மான் சொல்லி அனுப்பினார். படுத்தால் உள்ளே கண்ணாடி வெடித்துவிடுமாம். அது போதும் தவராசாவுக்கு. லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெஷின் ஒன்றைப் பிடித்து, அதன் இழுவையில் ரீவிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, தானும் கூடவே ஏறிநின்று கட்டிப் பிடித்துக்கொண்டார். வண்டி பெரியகடையிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வந்தது. தேரில் சுவாமியைப் பிடித்துக்கொண்டு வரும் ஐயரின் களை அவர் முகத்தில் இருந்தது. வழியில் கண்டவர்களுக்கெல்லாம் கேட்காமலே சொன்னார்: "நாப்பத்திரண்டு இஞ்சி. மகளின்ர கலியாணத்துக்கு."

சந்திக் காவலரணில் மறித்தார்கள். "பெட்டி கீழ போடு. பாக்கணும்" என்றான் சிப்பாய்.

"பே, மாத்தயா" என்றார் தவராசா. ஏலாது ஐயா என்பதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு, மிச்சத்துக்குச் சொல் தெரியாமல் தலையைச் சரித்து, கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளிக் காட்டினார். படுத்தால் செத்துப்போகும் என்று பொருள். துவக்குப் பிடித்தவனுக்கு முன்னால் அப்படி நடித்துக் காட்டுகிற துணிவு அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இருந்தது? சிப்பாய் ஒரு கணம் முறைத்தான். பிறகு சிரித்துவிட்டான். பெட்டியைச் சுற்றி நடந்து, நின்ற நிலையிலேயே தட்டிப் பார்த்து, போகச் சொன்னான். "எனக்காக ரீவியைச் சுத்திப் பிரதட்டை பண்ணினவன்" என்று தவராசா இன்றைக்கும் சொல்லிக்கொள்ளுவார்.

மாசியில் டிஸ்க் வந்து சேர்ந்தது. கனடாவிலிருந்து கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள். பூரணி உடனே போட்டுப் பார்க்கத் துடித்தாள். தவராசா அதை வாங்கிக் கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்துவிட்டார். "கலியாணத்தை முதலே ஒருக்காப் பாத்திட்டுக் கலியாணத்துக்குப் போற தகப்பன் உண்டோ?" என்றார். நல்ல நாள் கேட்டுக் கோயில் ஐயரிடம் போனார். "கலியாணம்தான் முடிஞ்சுதே, இனி என்ன முகூர்த்தம்?" என்று ஐயர் சிரித்தார்.

"எனக்கு இன்னும் முடியேல்லை, ஐயா" என்றார் தவராசா. ஐயர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். காலை நேரத்தில் ஒரு முகூர்த்தம் கிடைத்தது.

ரீவிக்கு வெள்ளோட்டம் ஒரு மாலையில் நடந்தது. பொழுது பட்டால் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே அடங்கிவிடுவதுதான் அப்போது எங்கள் ஊர் வழக்கம். சாத்திய வீட்டுக்குள் பிளாஸ்மா ஜொலித்தது. தவராசா அரைமணித்தியாலம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, அதைப் பழைய வேட்டியால் மூடினார். இனி முகூர்த்தத்தில்தான் திறப்பு. அடுத்த நாள் காலை, தூசி துடைப்பதற்காகப் பூரணி அந்த வேட்டியை விலக்கினாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் தெருவாசல் படலை தெரிந்தது. படலையில் நின்று வேலிக் கிளுவையைத் தின்றுகொண்டிருந்த மானும் தெரிந்தது. இந்த ஊரில் மான்கள் ஆட்டைப்போலத் தெருவில் திரியும், அது அதிசயமில்லை. மான் ரீவிக்குள் நின்றதுதான் அதிசயம்.

"இஞ்சேருங்கோ, இது முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி இருக்கு. பகலில படம் தெரியுமோ?"

"நிப்பாட்டி வச்சால் கண்ணாடி. ஓடேக்க படம். நீர் பயப்பிடாதையும்."

கூட்டம் கூடுவதென்றால் காவலரணில் சொல்லிவிட வேண்டும். தவராசா பலகாரப் பெட்டியோடு போனார். அதே சிப்பாய்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டான். "கதவு, ஜன்னல் ஒக்கொம திறந்து வை. உள்ள யாரு, என்ன, தெரியணும்." எல்லாவற்றையும் திறந்து வைக்கத் தவராசாவுக்கு என்ன தடை? கலியாண வீட்டில் கதவு சாத்துவார்களா? மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு வந்தார்.

அந்தக் காலையும் விடிந்தது. வாசலில் வாழை, மாவிலைத் தோரணம். வாழையிலையில் பாதியை விடியமுன்னமே மான்கள் தின்றுவிட்டிருந்தன. தவராசா பட்டு வேட்டி சால்வையோடு படலையில் நின்று வந்தவர்களைக் கும்பிட்டு வரவேற்றார். அன்றைக்கு மட்டும் காது சுத்தமாக இருந்தது. பூரணி தன் பழைய கூறையை உடுத்தியிருந்தாள். ரீவிக்குக் கீழே மேசையில் குத்துவிளக்கு, நிறைகுடம், வெற்றிலைத் தட்டம். அவற்றோடு ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீரும் வைத்திருந்தாள்.

"உது என்னத்துக்கு?" என்று கேட்டார் தவராசா.

"இருக்கட்டும்" என்றாள்.

பாக்கியரத்தினம் வந்தார். பக்கத்து வீட்டு எல்சி ரீச்சர் வந்தார். றஹ்மான் மூதூரிலிருந்து மனைவி றம்லாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கதிரைகள் போதாமல் பாதிச் சனம் வாசல் விறாந்தையில் நின்றது. முகூர்த்தம் வந்ததும் தவராசா வேட்டியை விலக்கினார், டிஸ்க்கைக் கண்ணில் ஒற்றிப் போட்டார். ரொறொன்ரோ தெரிந்தது. தெரு முழுக்க வெள்ளைப் பனி. அந்த வெள்ளை நாற்பத்திரண்டு அங்குலத்துக்கும் நிறைந்து நின்றபோது கூட்டம் ஆவென்றது. தவராசா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு றஹ்மானைப் பார்த்தார். றஹ்மான் தன் பிள்ளை பரீட்சையில் பாஸ் பண்ணியதுபோல் சிரித்தார்.

பிறகு படம் மண்டபத்துக்குள் போனது.

உள்ளே வெளிச்சம் குறைவு. பின்னால் கருநீலத் திரை. அவ்வளவுதான், ரீவிக்குள்ளிருந்த கலியாணம் மங்கி, தவராசா வீட்டு வாசல் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டது. திறந்த கதவின் வெளிச்சம், ஜன்னல் கம்பி, படலை, வரிசையாகச் சனம். மாப்பிள்ளையின் தலைப்பாகையைத் தேடியவர்களுக்கு எல்சி ரீச்சரின் மூக்குக்கண்ணாடி தெரிந்தது. தலைகள் அங்கும் இங்கும் சரிந்தன.

"மாப்பிளைக்குப் பக்கத்தில மொட்டையா ஒராள் இருக்கிறார், அது ஆர்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அது நான்தான்" என்றார் பாக்கியரத்தினம். வீடே சிரித்தது.

தவராசா சிரிக்கவில்லை. அவருடைய காது சிவந்துவிட்டது. மகளைத் தேடினார். மணவறையில் அவள் இருக்கும் இடத்தில் தெருவெளிச்சம் விழுந்திருந்தது. ஊரைக் கூட்டி, உலகத்திலேயே திறமான நிறம் என்று சொல்லி, கடைசியில் பெற்ற பிள்ளையின் முகத்தை அவராலேயே பார்க்க முடியவில்லை. முப்பது வருடமாக ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாசகத்தை வாழ்க்கையில் ஒரேயொரு தடவை மறந்தார், அதுவும் இதற்கா? விறுவிறென்று போய்க் கதவில் கை வைத்தார். படலைக்கு வெளியே காவலரண் சிப்பாய் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கதவிலிருந்து கை தானாக இறங்கியது.

றஹ்மான் காதுக்குள் வந்து சொன்னார்: "அண்ணன், நிப்பாட்டி வைங்க. கடையில எல்சிடி இரிக்கு. ஓடிப்போய்த் தூக்கிட்டு வாறன்."

"தாலி கட்ட முன்னம் கலியாணத்தை நிப்பாட்டுறதோ?" என்றார் தவராசா. "சனம் சிரிக்கட்டும். நிப்பாட்டேலாது."

அப்போது ரீவியில் அந்த ஊர் ஐயர் பெண்ணின் தாய் தகப்பனைக் கூப்பிட்டார். தாரை வார்க்க வேண்டிய நேரம். இரத்தினசிங்கம் எழுந்து மாதுமைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேட்டிதான் கட்டியிருந்தார். ஆனால் மேலே சால்வை இல்லை. குளிருக்குப் பயந்தோ என்னவோ, கழுத்திலிருந்து தொடைவரை ஒரு கறுப்புக் கோட்டு.

"கோட்டு!" என்றார் தவராசா, சபை என்றும் பாராமல். "படிச்சுப் படிச்சுச் சொன்னனான். என்ர பிள்ளையைத் தாரை வார்க்கக் கோட்டோடயோ வந்து நிக்கிறான்!"

கமரா கிட்டப் போனது. கறுப்புக் கோட்டு திரையில் பாதியை அடைத்துக்கொண்டது. அதன் ஓரத்தில் மாதுமையின் குனிந்த முகமும், நீட்டிய வலது கையும்.

பூரணி எழுந்து அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "இஞ்சேருங்கோ" என்றாள் மெதுவாக. "அண்ணையைத் திட்டாதேங்கோ. அந்தக் கோட்டுக்குள்ள பாருங்கோ."

பார்த்தார். கறுப்பென்றால் கறுப்பு, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி. அந்தக் கறுப்புக்குள் பட்டுச் சால்வையோடு ஒருவர் நின்றார். நெற்றியில் திருநீறு. அவர் தோளுக்குப் பக்கத்தில் அரக்குக் கூறையோடு ஒருத்தி. இரத்தினசிங்கத்தின் கோட்டு மறைத்த இடம் முழுவதும் அவர்கள் இரண்டு பேர்தான். ஆனால் மகளிடமிருந்து கொஞ்சம் விலகி நின்றார்கள்.

தவராசா அரை அடி இடப்பக்கம் நகர்ந்தார். கண்ணாடிக்குள் நின்றவரும் நகர்ந்து மாதுமைக்குப் பக்கத்தில் வந்தார். பின்னாலிருந்தவர்களுக்கு என்ன தெரிந்ததோ, யாரும் மறைக்குது என்று சொல்லவில்லை. ரொறொன்ரோ ஐயர் மந்திரத்தை உயர்த்தினார். தவராசா இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டு, மகளின் கை இருந்த இடத்துக்கு நேராகத் தன் கையை நீட்டினார். பூரணி மேசையிலிருந்த செம்பை எடுத்து, அந்தக் கையின்மேல் மெல்லச் சரித்தாள்.